மண்ணுக்குள் போகும் கேபிள்: குழியை மூடுமுன் கடைக்காரர் பார்க்க வேண்டியவை



லாரியில் வந்து இறங்கும் அரிசி மூட்டையை நாம் அப்படியே வாங்கி அடுக்கிவிடுவதில்லை. குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, அதன் பிறகுதான் விலை பேசுகிறோம். அதே நாம், கடையிலிருந்து கிட்டங்கிக்கு மண்ணுக்கடியில் கேபிள் போடும் நாளில் "வயர்மேன் பார்த்துக்கொள்வார்" என்று கல்லாவை விட்டு எழுந்திருப்பதில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் குழி மூடியிருக்கும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பதைக் குத்தூசி போட்டுப் பார்க்க முடியாது.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் என்ஜினீயர் அல்ல. மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஒரு கடப்பாரை.

எங்கள் கடைக்குப் பின்னால் நாற்பது மீட்டர் தள்ளிக் கிட்டங்கி இருக்கிறது. 2009-ம் வருடம் அங்கே மிளகாய் அரைக்கும் மிஷின் வைத்தபோது, தலைக்கு மேல் தொங்கிய வயரை எடுத்துவிட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோகத் தீர்மானித்தேன். வேலைக்கு வந்த வயர்மேன், "ரெண்டரை அடி தோண்டணும் அண்ணாச்சி, இரும்புக் கவசம் போட்ட கேபிளா வாங்கிக் குடுங்க" என்றார். "நம்ம இடம்தானே தம்பி, யார் வந்து தோண்டப் போறா? ஒரு அடி போதும்" என்றேன். பிளாஸ்டிக் குழாய்க்குள் சாதாரண வயரை இழுக்கச் சொன்னேன். தோண்டு கூலியிலும் கேபிள் விலையிலும் மிச்சம் பிடித்துவிட்டதாக அன்றைக்குத் திருப்தி.

ஆறு வருடம் கழித்து, தண்ணீர்க் குழாய் பதிக்க அதே இடத்தில் தோண்டினோம். நம்மிடம் நெடுநாளாகச் சுமை இறக்கும் தொழிலாளி ஒருவர் கடப்பாரையைப் போட்டார். குழாயைப் பொத்துக்கொண்டு வயரில் இறங்கிவிட்டது. முந்தின நாள் பெய்த மழையில் தரை ஈரம். அவர் கை கடப்பாரையை விடவில்லை. பியூஸ் போகவில்லை. நான் ஓடிப்போய் மெயினை இறக்கிய பிறகுதான் அவர் கீழே விழுந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் வலக்கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது. ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க வயர் போறது ஒங்களுக்குத் தெரியுமே அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு, தெரிந்த மின் ஒப்பந்தக்காரர்களையும் ஓய்வு பெற்ற வாரியப் பொறியாளர் ஒருவரையும் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

எது நம் பொறுப்பு

மின்வாரியம் இதைப் புதைவடம் என்று எழுதும். நமக்குக் கேபிள் என்றால்தான் புரியும். தெருவில் இருக்கும் பில்லர் பாக்ஸிலிருந்து நம் மீட்டர் வரை வருவது வாரியத்தின் சொத்து. அதில் நாம் கை வைக்கக் கூடாது. மீட்டரைத் தாண்டியதும் எல்லாம் நம்முடையது, விபத்து நடந்தால் பொறுப்பும் சேர்த்து. அந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான், தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளரை வைத்துச் செய்யவேண்டும் என்பது சட்டம். முன்பு 1956-ம் வருடத்து இந்திய மின்சார விதிகள் இருந்தன. இப்போது மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் நடைமுறையில் உள்ளன. கேபிள் பதிக்கும் முறைக்கு ஐ.எஸ். 1255 என்று தனியாக ஓர் இந்தியத் தரநிலை, 1983-ல் திருத்தி வெளியிட்டது, இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் "ஐ.எஸ். 1255 பிரகாரம் செய்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நமக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரியும்.

இன்னொன்று. கிட்டங்கி தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் கடை இணைப்பிலிருந்து கேபிள் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். ஓர் இடத்துக்கு வாங்கிய மின்சாரத்தை அனுமதியில்லாமல் வேறு இடத்தில் உபயோகிப்பது 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் வருகிறது. அதற்கு அபராதக் கணக்கு வரும். தெருவை வெட்டியதற்கு நகராட்சி தனியாக வரும். அங்கே தனி இணைப்பு வாங்குவதே மரியாதை.

சூடு எங்கே போகும்?

கேபிளின் கனத்தைத் தீர்மானிப்பது அதற்குள் உண்டாகும் சூடுதான். மின்சாரம் ஓடும் கம்பி சூடாகும். அந்தச் சூடு மேலுறையைத் தாண்டி மண்ணுக்குள் போய்ப் பரவ வேண்டும். பரவ வழியில்லாவிட்டால் உறை வெந்து, இறுகி, வெடிக்கும். சாதாரண பி.வி.சி. உறை போட்ட கேபிளில் உள்கம்பி 70 டிகிரி செல்ஷியஸ் வரை தாங்கும். எக்ஸ்.எல்.பி.இ. என்ற உறை போட்டது 90 டிகிரி வரை தாங்கும். புதிதாக வாங்குபவர்கள் இரண்டாவதை வாங்குவதே நல்லது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 16 ஸ்கொயர் எம்.எம். அலுமினியம், பி.வி.சி. உறை, கவசம் போட்ட மூன்று பேஸ் கேபிளுக்குப் பட்டியலில் 60 ஆம்பியர் என்று போட்டிருக்கும். இது கேபிளை நேரடியாக மண்ணில் பதித்து, மண்ணின் வெப்பம் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு சொன்ன அளவு. அதையே குழாய்க்குள் விட்டால் 50 ஆகிவிடும். குழாய்க்குள் இருக்கும் காற்று போர்வை மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் மண் 40 டிகிரிக்கு ஏறினால் அந்த 50-ம் 43 ஆகும். பக்கத்திலேயே வேறு இரண்டு கேபிள்கள் ஒட்டிக்கொண்டு போனால் ஒன்றின் சூடு மற்றதைத் தாக்கி, முப்பது முப்பத்தைந்துக்குள் வந்து நிற்கும். மூட்டை எடையில் சாக்கு எடை, ஈரக் கழிவு, தூசிக் கழிவு எல்லாம் போக நிகர எடைக்குத்தானே பணம் கொடுக்கிறோம்? கேபிளுக்கும் நிகர ஆம்பியர்தான் கணக்கு. கடைக்காரர் சொல்லும் 60 மொத்த எடை.

இரண்டு டீப் பிரீஸர், இரண்டு ஏ.சி., ஒரு மாவு மிஷின், விளக்கு, மின்விசிறி என்று 12 கிலோவாட் இருக்கும் கடைக்கு மூன்று பேஸில் பேஸுக்கு ஏறக்குறைய 20 ஆம்பியர் ஓடும். மேற்சொன்ன கேபிள் தாராளமாகப் போதும். நாளைக்கு ஒரு பிரீஸர் கூடினாலும் இடமிருக்கிறது. இதையே சிக்கனம் பார்த்து ஒற்றை பேஸில், 2.5 ஸ்கொயர் எம்.எம். செப்பு வயரில், 40 மீட்டர் தூரம் 20 ஆம்பியர் இழுத்தால், போய்ச் சேருவதற்குள் சுமார் 12 வோல்ட் வழியிலேயே செத்துப்போகும். பிரீஸர் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும், ஒரு நாள் எரிந்தும் போகும். எரிந்ததற்குப் பிரீஸர் கம்பெனியைத் திட்டுவோம்.

மண்ணின் சூட்டை லேசாக நினைக்கவேண்டாம் என்பதற்கு ஒரு பெரிய ஊரின் கதையைச் சொல்லவேண்டும். நியூசிலாந்து நாட்டில் ஆக்லாந்து என்ற நகரம். அதன் மையக் கடைவீதிப் பகுதி முழுவதற்கும் நான்கே நான்கு பெரிய புதைவடங்கள் வழியாகத்தான் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கு நாற்பது வயது. 1998 ஜனவரி, அந்த நாட்டில் அது கோடைக்காலம். அந்த வருடம் வழக்கத்துக்கு மீறிய வெயில், மழையில்லை, மண் காய்ந்துகிடந்தது. காய்ந்த மண் சூட்டை வெளியே விடாது. ஜனவரியில் ஒரு கேபிள் போயிற்று. பிப்ரவரி 9-ந் தேதி இரண்டாவது போயிற்று. நான்கு பேர் தூக்கிய சுமையை இரண்டு பேர் தூக்கினால் எத்தனை நாள் தாங்கும்? 19-ந் தேதி ஒன்று, 20-ந் தேதி கடைசியும் போய் நகர மையம் இருண்டது.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய ஐந்து வாரம்! ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடிக்க முடிந்தவர்கள் பிடித்தார்கள். அந்தப் பகுதியில் வேலை பார்த்த எழுபதாயிரம் சொச்சம் பேரில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தோ புறநகரிலிருந்தோ வேலை பார்த்தார்கள். சில கம்பெனிகள் ஆட்களை ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பிவைத்தன. வாடிக்கையாளரே வராத வீதியில் கடையைத் திறந்துவைத்து என்ன செய்வது? சின்னக் கடைக்காரர்களுக்கு விழுந்த அடி அது. கடைசியில் ரயில் பாதையை ஒட்டித் தற்காலிகமாக மேலே கம்பி இழுத்துத்தான் நிலைமையைச் சரி செய்தார்கள். படித்தவர்கள் நிறைந்த ஊரிலேயே, பதித்தபின் யாரும் கேபிளின் சூட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றால் நம்மைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

குழி திறந்திருக்கும்போது

இனி நீங்கள் கல்லாவில் பையனை உட்கார வைத்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போகவேண்டிய நேரம்.

ஆழம் முக்கால் மீட்டர், அதாவது இரண்டரை அடி. நம் கடைக்கு வரும் சாதாரண 230, 415 வோல்ட் கேபிளுக்கு இதுவே குறைந்த அளவு. லாரி, வண்டி ஏறும் பாதையைக் கடக்கிற இடத்தில் ஒரு மீட்டர் வேண்டும். அங்கே மட்டும் கனமான குழாய்க்குள் விடவேண்டும். அப்படி விடும்போது பக்கத்தில் காலியாக இன்னொரு குழாயையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பின்னால் மறுபடி சிமெண்ட் தரையை உடைக்கிற செலவு மிச்சம். 11,000 வோல்ட் கேபிள் 90 சென்டிமீட்டரும் 33,000 வோல்ட் ஒரு மீட்டருக்குச் சற்று மேலும் ஆழத்தில் இருக்கவேண்டும் என்பதால், நம் குழியைத் தோண்டும்போதே கீழே ஏதாவது தட்டுப்பட்டால் அது வாரியத்தின் பெரிய கேபிளாக இருக்கலாம். உடனே வேலையை நிறுத்திவிட்டு வாரியத்துக்குச் சொல்லவேண்டும்.

குழியின் அடியில் கல், ஓட்டாஞ்சில்லு, ஆணி எதுவும் இருக்கக்கூடாது. சலித்த மணலை மூன்று அங்குலம் பரப்பி, அதன்மேல் கேபிளைக் கிடத்தி, மறுபடியும் மணலால் மூடி, அதற்குமேல் செங்கல்லை வரிசையாக அடுக்கவேண்டும். செங்கல் எதற்கு என்றால், நாளைக்கு ஒருவர் தோண்டும்போது கடப்பாரை முதலில் செங்கல்லில் பட்டு "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லும். அதற்குமேல் அரைக்குழி மண் தள்ளி, எச்சரிக்கை வாசகம் அச்சிட்ட பிளாஸ்டிக் நாடாவை விரிக்கவேண்டும். நான் அன்றைக்கு மிச்சம் பிடித்த பணத்தில் இந்தச் செங்கல்லும் சேர்த்தி.

தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், டெலிபோன் கேபிள் இவற்றிலிருந்து ஓர் அடி, சரியாக 30 சென்டிமீட்டர், தள்ளிப் போகவேண்டும். இப்போது பல ஊர்களில் தெருவுக்குத் தெரு குழாய் எரிவாயு வருகிறது. ஆகவே இதில் அசட்டை கூடாது.

திருப்பத்தில் கேபிளை முழங்கை மாதிரி மடக்கிவிடுவார்கள். கூடாது. கவசக் கேபிளின் குறுக்களவைப் போல் பன்னிரண்டு மடங்கு ஆரம் இருக்கவேண்டும் என்பது விதி. 22 மில்லிமீட்டர் தடிமன் கேபிள் என்றால் ஏறக்குறைய பத்தரை அங்குல ஆரத்தில் வளைந்து போகவேண்டும். அப்புறம் ஒட்டு. நாற்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் துண்டு மலிவாகக் கிடைத்தது, மீதியை ஒட்டிக்கொள்ளலாம் என்பார்கள். டேப் சுற்றிய ஒட்டை மண்ணுக்குள் புதைத்தால் ஒரு மழைக்காலம் தாண்டாது. முழு நீளமாக வாங்குங்கள். இரண்டு முனையிலும் ஒரு சுற்று அதிகம் விட்டு வைத்தால், பின்னால் முனை கருகினாலும் வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

முனைகளைச் சொல்லும்போது எலியைச் சொல்லாமல் முடியாது. கிட்டங்கியில் எலி இல்லாத மளிகைக்காரர் யார்? கேபிள் தரையிலிருந்து மேலே வரும் குழாய் வாயைத் திறந்தபடி விட்டால் எலி, கரையான், மழைத் தண்ணீர் மூன்றும் அதே வழியாக வரும். வாயை அடைத்துவிட வேண்டும். உப்பு மூட்டை அடுக்கும் மூலையில் ஸ்விட்ச் போர்டு வைக்கவே வைக்காதீர்கள். கவசத்தைப் பிடித்திருக்கும் பித்தளைக் கிளாண்டும் எர்த் கம்பியும் அந்தக் காற்றிலேயே அரித்துப்போகும்.

கவசம் இருந்திருந்தால்

என் விபத்தில் பியூஸ் ஏன் போகவில்லை என்பது வெகுநாள் எனக்குப் புரியவில்லை. பொறியாளர் சொன்ன கணக்கு இது. எர்த் சரியில்லாமல் 20 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 30 ஆம்பியர் பியூஸுக்கு அது ஒரு சுமையே அல்ல. விளக்கு எரிகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். மனித உடல் வழியாக ஓடியதோ அதைவிடக் குறைவு. ஆனால் ஒரு ஆம்பியரில் முப்பதில் ஒரு பங்கே ஆளைப் பிடித்து நிறுத்தப் போதுமானது.

கவசக் கேபிளாக இருந்து, கவசத்தை இரண்டு முனையிலும் எர்த்தோடு சேர்த்திருந்தால், கடப்பாரை முதலில் இரும்புக் கவசத்தில் பட்டு, அதன் பிறகே உள்கம்பியைத் தொட்டிருக்கும். தொட்ட கணமே உள்கம்பியும் கவசமும் ஒன்றாகி, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து பியூஸ் போயிருக்கும். கவசம் அடி தாங்குவதற்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியும் அதுதானாம். ஆகவே கவசத்தை எர்த் செய்யாமல் வெட்டி மடக்கிவிட்டால் அந்தக் கேபிள் பாதி வேலைதான் செய்யும். மூன்று பேஸ் மோட்டார் இருந்தால் அதன் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் கம்பிகள் வரவேண்டும் என்பதும் விதி.

இதோடு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை வைக்கவேண்டும். "அது அடிக்கடி விழுந்து வியாபாரம் கெடுகிறது" என்று நம்மில் பலர் அதைத் தாண்டி நேரடியாக இணைப்புக் கொடுக்கச் சொல்கிறோம். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. பிரீஸருக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனியாக வைத்தால், எது கசிகிறது என்று கண்டுபிடிப்பதும் சுலபம், மற்ற வேலையும் நிற்காது.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 நவம்பர் முதல் தேதி சென்னை கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். கிட்டங்கிக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், சர்க்கரை மூட்டையைத் தூக்க ஆளை இறக்குவதற்கு முன் கடையிலுள்ள மெயினை அணையுங்கள். அந்த மெயின் கிட்டங்கிக்குள்ளேயே இருந்தால் அது தப்பான இடம், இப்போதே மாற்றிவிடுங்கள். கடை வாசலில் உள்ள பில்லர் பாக்ஸின்மேல் சரக்கு அடுக்குவது, கதவு திறந்து கிடந்தால் சாக்கைக் கட்டி மூடுவது எல்லாம் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்தால் பதிவு செய்துகொள்வார்கள்.

மூடும் முன்னும் மூடிய பின்னும்

ஒப்பந்தக்காரரிடம் மெக்கர் என்ற சோதனைக் கருவி இருக்கும். 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் சோதித்தால், கம்பிக்கும் பூமிக்கும் இடையே குறைந்தது ஒரு மெக் ஓம் காட்டவேண்டும். புதுக் கேபிள் இதைப்போல் எத்தனையோ மடங்கு காட்டும். ஒன்றை ஒட்டி நின்றால் எங்கோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். குழி மூடுமுன் ஒரு தடவை, மூடியபின் ஒரு தடவை பார்க்கச் சொல்லி, இரண்டு எண்ணையும் அவர் கையெழுத்தோடு பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். முதலில் நன்றாகக் காட்டி, பின்னால் குறைந்தால், மண் தள்ளும்போது கல் குத்தியிருக்கிறது. அன்றைக்கே தோண்டினால் அரை நாள் வேலை.

குழி திறந்திருக்கும்போது டேப்பைப் பக்கத்தில் பிடித்துச் செல்போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகிறது, எங்கே திரும்புகிறது என்று ஒரு தாளில் வரைந்து, ஒன்றைக் கடைப் பத்திரங்களோடும் ஒன்றை மெயின் போர்டுக் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். திருப்பங்களில் "கேபிள்" என்று வெட்டிய கல் நடவேண்டும். கடையை வாடகைக்கு விடுபவர்கள், விற்பவர்கள் அந்தத் தாளையும் சாவியோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

எங்கள் கிட்டங்கிக்கு 2015 கடைசியில் புதுக் கேபிள் போட்டோம். இந்தத் தடவை இரண்டரை அடி, மணல், செங்கல், நாடா எல்லாம். அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அந்தத் தொழிலாளிதான். ஒரு இடத்தில் அடியில் பாறை தட்டி இரண்டு அடிதான் போயிற்று. "சரி, போதும்" என்று வாயெடுத்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பாறையைச் சுற்றி நாலு அடி தள்ளி வேறு வழியாகக் கொண்டுபோனோம். அந்த வளைவும் கதவில் ஒட்டிய படத்தில் இருக்கிறது.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், அதன் மின்சாரம் வாரியக் கம்பிக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.